விருந்தாளிக்கு அறுத்த ஆடு

அந்த விண்ணப்பம் இருபத்தாறு பக்கம். அதில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை. ஆனாலும் நடந்ததற்கு நான்தான் பொறுப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சந்தையில் இரண்டு பேர் அனார்கான் அக்காவின் பெயரை இழுத்துப் பேசியதை என் காதாலேயே கேட்டேன். அவளை விட்டுவிடுங்கள். திட்டுவதாக இருந்தால் இந்தப் பூபூசாராவை, என்னைத் திட்டுங்கள். ரொட்டிக் கடைக்கு எதிர்ச் சந்தில்தான் இருக்கிறேன். நேரில் வந்தே திட்டலாம்.

அக்காவும் நானும் நடத்திய வீட்டு வாசலில் ‘தையல் பயிற்சி மையம்’ என்று பலகை தொங்கியது. உள்ளே இரண்டு தையல் மிஷினும் இருந்தன, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அங்கே வந்தவர்கள் தைக்க வரவில்லை. புருஷனிடம் அடி வாங்கி, விலா எலும்பு ஒடிந்து, கைக்குழந்தையோடு சிலர், காலில் செருப்புகூட இல்லாமல் சிலர் என்று வந்தவர்கள். அனார்கான் அக்கா முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள். அடிபட்ட பெண்களுக்குக் கட்டுப் போட்டு, போட்ட கட்டோடு அதே வீட்டுக்கு அனுப்பி அனுப்பி வெறுத்துப்போய், ஓய்வு பெற்ற மறுமாதமே இந்த வீட்டை வாடகைக்குப் பிடித்தாள். சமையல், சாவி, சண்டை இந்த மூன்றும் என் பொறுப்பு. வீட்டுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. ஆண்கள் வாசலைத் தாண்டக் கூடாது. குளிரில் குழாய் வெடித்தபோதுகூட நானே குனிந்து துணி சுற்றிக் கம்பி கட்டினேன். ஆறு வருடம் அந்தச் சட்டம் நின்றது.

நுர்ஸாத் இலையுதிர் காலத்தில் வந்தாள். இருபத்திரண்டு வயது. பதினெட்டில் அவளைச் சாலையோரத்திலிருந்து காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்த் தலையில் வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டார்கள், அதுதான் கல்யாணம். நாலு வருடத்தில் முன்பல் ஒன்று போயிற்று, இடது காது கேட்காமல் போயிற்று. இரண்டு தடவை அப்பா வீட்டுக்கு ஓடினாள். இரண்டு தடவையும் அந்த அப்பனே கொண்டுபோய் விட்டான். மூன்றாவது தடவை எங்களிடம் வந்தாள். அடுத்த முறை ஓடினால் மண்ணுக்குள்தான் என்று புருஷன் சொல்லியிருந்தானாம். அதை அவள் ஏதோ வானிலை சொல்வதுபோல் சொன்னாள்.

எங்களுக்குப் பணம் கொடுத்துவந்த அறக்கட்டளை அந்தக் குளிர்காலத்தில் கையை விரித்துவிட்டது. இனிமேல் அவர்கள் கவனமெல்லாம் பனிச்சிறுத்தைகள் மேலாம். கடிதத்தில் அப்படித்தான் இருந்தது. நல்லது, அதுகளும் பாவம்தான். ஆனால் மார்ச் கடைசி வரைக்கும்தான் வாடகை இருந்தது. அதன் பிறகு ஏழு பெண்களும் ஐந்து குழந்தைகளும் தெருவில்.

அப்போதுதான் ஐரோப்பாவிலிருந்து வேறொரு அறக்கட்டளை விண்ணப்பம் கேட்பது தெரிந்து, அனார்கான் அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சமையலறை மேஜையில் உட்கார்ந்தாள். மூன்று வாரம் அந்த மேஜையில் மாவு பிசைய எனக்கு இடமில்லை.

“‘திட்டக் காலம் முடிந்த பிறகு இந்தப் பணி எவ்வாறு தொடரும்?’ இதுக்கு என்னடி எழுதறது?” என்றாள்.

“ஆம்பளைங்க அடிக்கறத நிறுத்தின அன்னைக்கு நாங்களே கடையைச் சாத்திடுவோம்னு எழுது.”

“விளையாடாத பூபூ.”

“யாரு விளையாடறா?”

உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த நுர்ஸாத் சிரித்தாள். சிரிக்கும்போது பல் போன இடத்தைக் கையால் மூடிக்கொள்வாள்.

“இன்னொண்ணு கேளு. ‘உள்ளூர் ஆண்களின் பங்கேற்பு.’ இதுக்குத் தனியா மதிப்பெண் இருக்காம்.”

“பங்கேற்பா? அவனுங்க பங்கேத்துதானே இதுங்கல்லாம் இங்க வந்து கெடக்குது!”

இப்படித்தான் போயிற்று எங்கள் விண்ணப்பம். ஒருநாள் நுர்ஸாத் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: “பணம் வரலைன்னா நான் எங்கக்கா போவேன்?”

“வரும்,” என்றாள் அனார்கான் அக்கா.

“வரும்னு அதுல எழுதியிருக்கா?”

அக்கா அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிப்ரவரியில் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள், மொழிபெயர்ப்பாளராம். முதல் சுற்றில் தேறிவிட்டோம், ஹெட்விக் என்ற அம்மாள் வெள்ளிக்கிழமை நேரில் பார்க்க வருகிறார் என்றாள். “சாப்பாடு எதுவும் வேண்டாம், ஒரு கப் டீ போதும்னு மேடம் சொல்லச் சொன்னாங்க.”

போனை வைத்ததும் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எந்த விருந்தாளிதான் ‘ஆமாம், எனக்கு வயிறு நிறையப் போடு’ என்று சொல்லிவிட்டு வருவான்? டீ போதும் என்று அவர்கள் சொல்வார்கள், நாம் ஆடு அறுப்போம். டீ போதும் என்றதை அப்படியே எடுத்துக்கொண்டு டீயை மட்டும் வைப்பவனை எங்கள் ஊரில் என்னவென்று சொல்வார்கள் என்பதை நான் இங்கே எழுத முடியாது.

“எங்க அண்ணன் மந்தையில என் ஆடு ஒண்ணு நிக்குது. கொண்டாந்துடறேன்,” என்றேன்.

“யாரு அறுப்பா? நீயா?”

அங்கேதான் வந்தது சிக்கல். எங்கள் பெண்கள் ஆட்டை வளர்ப்பார்கள், உரித்ததைக் கழுவுவார்கள், சமைப்பார்கள். கத்தியை வைப்பது ஆண்தான்.

“சந்தையில கறி வாங்கிடுவோம்,” என்றாள் அக்கா.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “மலை தாண்டி வர்றவளுக்குச் சந்தைக் கறியா? நாளைக்கு நம்ம காகிதத்துல கையெழுத்துப் போடப்போறவளுக்கா? ஆட்டை முன்னால நிறுத்தி, அவ கையேந்தி ஆசி சொல்லி, அப்புறம் அறுக்கணும். நாமளே நம்மள மதிக்கலைன்னா அவ எதுக்கு மதிக்கணும்?”

“ஆம்பள உள்ள வரக் கூடாதுன்னு சட்டம் போட்டது நாமதான்.”

“என் தங்கச்சி மகன் எசென் ஆம்பளையா? சந்தையில கறி வெட்டறவன், ஆனா ஆட்டுக்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டுத்தான் கத்தியத் தொடுவான். அவனுக்குப் போய்ப் பயப்படறியே!”

அக்காவும் எங்கள் ஊர்க்காரிதானே, விருந்தாளிக்கு வெறும் டீயை நீட்டுவதற்கு அவளுக்கும் முகம் கூசியது. கடைசியில், “முற்றத்தோட நிக்கணும். அறுத்துக் குடுத்துட்டுப் போயிடணும். பொண்ணுங்க பின்கட்டுல இருக்கட்டும்,” என்றாள். வாதத்தில் ஜெயித்துவிட்ட குஷி எனக்கு.

வெள்ளிக்கிழமை ஹெட்விக் அம்மாள் வந்தாள். நல்ல பெண்மணி, குறை சொல்ல மாட்டேன். ஆட்டைப் பார்த்ததும் முகம் வெளுத்தது, ஆனாலும் மொழிபெயர்ப்புப் பெண் காதில் ஏதோ சொன்னதும் எங்களைப்போலவே இரண்டு கையையும் ஏந்தி ஏதோ முணுமுணுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எசென் வேலையை முடித்தான். அந்த அம்மாள் அவனைக் காட்டி ஏதோ கேட்டாள், பிறகு நோட்டில் எழுதிக்கொண்டாள். பின்கட்டுக்குப் போய் ஒவ்வொரு பெண்ணிடமும் தனித்தனியாகப் பேசினாள்.

நான் முற்றத்தில் குடலையும் நுரையீரலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் பக்கத்தில் பெரிய விருந்து என்றால் நுரையீரலில் பால் ஊற்றி அவிக்க வேண்டும். மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீர் விட்டு, வெள்ளைவெளேரென்று ஆகும்வரை கழுவி, பிறகு பாலும் வெண்ணெயும் பூண்டும் கலந்து ஊற்ற வேண்டும். எங்காவது ஒரு இடத்தில் நகம் பட்டால் போச்சு, மொத்தமும் ஒழுகிவிடும். எனக்கோ மணிக்கட்டு வீக்கம். எசெனுக்கு அது வராது, அது பெண்கள் வேலை. யோசித்துக்கொண்டே இருந்தேன், பிறகு எழுந்துபோய்ப் பின்கட்டுக் கதவைத் தட்டினேன்.

“நுர்ஸாத், வாடி. அவன் என் தங்கச்சி மகன்தான்.”

நான்தான் கூப்பிட்டேன். அவளாக வரவில்லை.

அவள் வந்து உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். அந்த விரல்களை இன்றைக்கும் கண்முன்னால் பார்க்கிறேன். ஒரு சொட்டு கீழே விழவில்லை. கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்த எசென் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தான்.

“அடேங்கப்பா! பெரியம்மா, இவ்வளவு பால் ஊத்தி ஒழுகாம நான் பார்த்ததே இல்ல. எந்த ஊரு தங்கச்சி நீ? யாரு மக?”

நுர்ஸாத் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. ‘உன் வேலையப் பாருடா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெரியவர்கள் கேட்டால் ஊரும் அப்பன் பேரும் சொல்லாமல் இருப்பது எங்களில் யாருக்கும் வராது. பிறந்த குழந்தைக்குப் பேச்சு வந்ததும் அதைத்தான் முதலில் சொல்லித் தருகிறோம்.

“தால்தி-கோல். சபிர் மக,” என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

“தால்தி-கோலா! என் பொண்டாட்டியோட அத்தை ஊரு அதுக்கு அடுத்த ஊருதானே!”

அவன் கிளம்பும்போது, இங்கே பார்த்ததை வெளியே பேசாதே என்று சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. அவனைப் பொறுத்தவரை அது தையல் மையம். “நான் யாருகிட்ட பெரியம்மா சொல்லப்போறேன்?” என்று சிரித்தான். ஹெட்விக் அம்மாள் நுரையீரலை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவள் கைக்குத் தண்ணீர் ஊற்றியதும் நுர்ஸாத்தான்.

எசென் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் நான் அவனை மூக்கு ஒழுகின நாளிலிருந்து அறிவேன். அடுத்த வாரம் அந்த அத்தை வீட்டில் குழந்தையைத் தொட்டிலில் இடும் விருந்து. அங்கேயும் நுரையீரல் சமைத்திருக்கிறார்கள், ஒழுகிவிட்டது. எல்லோரும் சிரித்தபோது இவன், “எங்க ஊர்ல ஒரு பொண்ணு செஞ்சா பாருங்க!” என்று ஆரம்பித்தான். அவன் தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அந்தப் பெண்ணைக் கேட்கலாமா என்று யோசிப்பதாகவும், தால்தி-கோல் சபிர் மகள், எங்கள் ஊரில் தையல் படிக்கிறாள், பெரியம்மா வேலை செய்கிற வீடு என்றும் சொல்லியிருக்கிறான். பெருமையாகத்தான் சொன்னான். அந்தப் பந்தியிலேயே நுர்ஸாத்தின் மாமியாருடைய தங்கை உட்கார்ந்திருந்தாள். அவள் ஒன்றும் பேசாமல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோனாளாம்.

ஹெட்விக் அம்மாள் வந்துபோன பன்னிரண்டாம் நாள் காலையில் இரண்டு கார்கள் வந்தன. புருஷன், அவன் அண்ணன் தம்பிகள், நுர்ஸாத்தின் அப்பன், கூடவே அந்த வீட்டுப் பெண்கள். ஆண்கள் கதவுக்கு வெளியே நின்றார்கள், மரியாதைக்காரர்கள்! உள்ளே வந்தது பெண்கள், மாமியார் முன்னால். நான் கரண்டியோடு வழிமறித்தேன். மாமியார் என்னைப் பார்க்கவே இல்லை. வந்தாள், எங்கள் வாசற்படியின் குறுக்கே நீட்டிப் படுத்துவிட்டாள்.

“என் மருமக வராம நான் எந்திரிக்க மாட்டேன். என்னைத் தாண்டிப் போறவ போகட்டும், போய் நல்லா இருக்கட்டும்!”

வயதானவளைத் தாண்டிப் போனால் அந்தச் சாபம் ஏழு தலைமுறைக்கும் விடாது என்று எங்கள் பெண்களுக்குப் பாலோடு ஊட்டியிருக்கிறது. பெண்ணைத் தூக்கிவரும் வீட்டில் கிழவிகள் இப்படித்தான் வாசலில் படுத்து அவளை ஓட விடாமல் தடுப்பார்கள். எங்கள் வாசலிலும் அதையே செய்தாள். உள்ளே குழந்தைகள் கத்த ஆரம்பித்தன. அனார்கான் அக்கா போலீஸுக்குப் போன் செய்தாள். ஒருவன் வந்தான், புருஷனோடு கைகுலுக்கினான், “குடும்ப விஷயம் அக்கா, நான் என்ன பண்றது?” என்றான்.

அப்பன் வெளியிலிருந்து கத்தினான்: “ஊர்ல நான் தல நிமிர்ந்து நடக்க வேணாமா? வெளிய வாடி!”

நுர்ஸாத் எழுந்தாள். தலைத்துணியை எடுத்துத் தானே கட்டிக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

“விடுங்கக்கா. நான் போகலைன்னா இவங்க தினமும் வருவாங்க. அப்புறம் மத்தவங்களத் தேடறவங்களுக்கும் இந்த வீடு தெரிஞ்சிடும்.”

“போகாதடி, கொன்னுடுவான்!”

“தெரியும்க்கா,” என்றாள். அப்படியேதான் சொன்னாள். மாமியார் எழுந்து அவளுக்கு வழிவிட்டாள்.

வீடு தெரிந்துபோயிற்று, இனி ஒருநாள் அங்கே இருக்க முடியாது. மாலைக்குள் ஆறு பெண்களையும் குழந்தைகளோடு பிஷ்கெக்கில் தெரிந்தவர்கள் வீடுகளுக்கு இரண்டு இரண்டு பேராக அனுப்பினோம். ஒரு வீட்டில் படுக்கை இல்லை, தரையில்தான். நான் எசெனைத் தேடிப்போய்ச் சந்தையில் நாலு பேர் பார்க்க அறைந்தேன். அவன் அழுதான். நானும் அவன் கடைப் பலகையில் உட்கார்ந்து அழுதேன். அவனை அடிக்க எனக்கு என்ன யோக்கியதை?

நாலு நாள் கழித்துக் கடிதம் வந்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டது. மூன்று வருடத்துக்குப் பணம். அனார்கான் அக்கா உரக்கப் படித்தாள். மதிப்பீட்டாளர் எங்கள் பணியால் மிகவும் நெகிழ்ந்தாராம். முக்கியமாக, உள்ளூர் ஆண் ஒருவர் மையத்தின் நிகழ்வில் இயல்பாகப் பங்கேற்றதைக் கண்டாராம், அந்தப் பிரிவில் முழு மதிப்பெண். அக்கா அந்த வரியைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அதற்கு மேல் படிக்கவில்லை.

பணம் உடனே வராது. முகவரி மாறிவிட்டது, அதனால் புது வீட்டின் ஒப்பந்தம் வேண்டும், அதை அவர்கள் சரிபார்க்க வேண்டும், இரண்டு பக்கமும் கையெழுத்தாக வேண்டும். புது வீட்டுக்காரனோ முன்பணம் இல்லாமல் சாவி தர மாட்டேன் என்றான். பத்து நாளில் முடியும் என்று மொழிபெயர்ப்புப் பெண் சொன்னாள்.

அதற்கு அடுத்த நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு என் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

“அக்கா, நான்தான். நாத்தனார் போன்ல பேசறேன், சீக்கிரம் வெக்கணும். நாளைக்குச் சந்தைக்கு ஒரு லாரி போகுது, ஓட்டறவரு நல்லவரு. வரட்டுமா? இடம் இருக்கா?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “வீடு இன்னும் கைக்கு வரலடி. கையெழுத்து ஆகணும். பத்து நாள் பொறுத்துக்கோ,” என்றேன்.

“பத்து நாளா?”

“பத்தே நாள். நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.”

“சரிக்கா,” என்றாள். பிறகு, “உங்க கை வீக்கம் எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

என் வீடு இருக்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். இரண்டு அறை. மகன், மருமகள், இரண்டு பேரக் குழந்தைகள். எசெனின் மாமியார் வீட்டார் அத்தனை பேருக்கும் என் கதவு தெரியும். அந்தக் கார்கள் முதலில் என் வாசலுக்குத்தான் வரும், கிழவி என் படியில்தான் படுப்பாள், என் மகன் வாய்ச் சண்டைக்குப் போவான், கத்தி எடுப்பான். இதெல்லாம் அந்த ஒரு நொடியில் மண்டைக்குள் ஓடிற்று. ‘என் வீட்டுக்கு வாடி’ என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. பயந்துவிட்டேன். வேறு காரணம் ஒன்றுமில்லை, பயந்துவிட்டேன்.

பத்தாம் நாள் கையெழுத்தாயிற்று. சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அனார்கான் அக்காவும் நானும் ஒரு வாடகைக் கார் பிடித்து நுர்ஸாத்தின் புருஷன் ஊருக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் பனி உருகிச் சேறு. என்ன சொல்லி அவளை வெளியே கூட்டிவருவது என்று பேசிக்கொண்டே போனோம். ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லலாம், அக்காவிடம் பழைய நர்ஸ் அட்டை இருந்தது.

ஊர் திருப்பத்தில் புருஷன் வீடு தெரிந்தது. முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழுப்பியிருந்தார்கள்.

அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். “கல்யாணமா இருக்கும் பூபூ. கல்யாணத்துக்கும் கூடாரம் போடுவாங்கல்ல? கல்யாணமாகாத மச்சினன் ஒருத்தன் இருக்கான்னு சொன்னாளே.”

கூடாரத்தின் பக்கத்தில் ஆண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள், இடுப்பில் துணி கட்டி, கையில் கோலை ஊன்றி. எங்கள் கார் நின்றதும் சாவு வீட்டு வழக்கப்படி உரக்க அழத் தொடங்கினார்கள். வரிசையில் இரண்டாவதாக நுர்ஸாத்தின் புருஷன் நின்றான். அவன்தான் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதான்.

“தொழுவத்துல வழுக்கி விழுந்துட்டா, பாவம். சின்ன வயசு,” என்று வேலியோரம் நின்ற ஒருத்தி சொன்னாள். யார் கண்ணையும் பார்க்காமல் சொன்னாள்.

அனார்கான் அக்கா காரிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் இறங்கினேன். அழுதுகொண்டே கூடாரத்துக்குள் போனேன், உள்ளே போகும் பெண் அழுதுகொண்டுதான் போக வேண்டும், அதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பெண்கள் சுவரைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். திரைக்குப் பின்னால் நுர்ஸாத்தின் உடல். வரிசையின் தலைமாட்டில் மாமியார். அழுகைக்கு நடுவில் அவள் திரும்பிப் பார்த்தாள். கண் வீங்கியிருந்தது, அன்றைக்குக் கரண்டியோடு நின்ற என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

“நீ இவளுக்கு என்ன வேணும்?”

“அக்கா,” என்றேன்.

அவள் நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தாள்.